பத்துக்குப் பத்து

இந்தாங்க அண்ணாச்சி, என் கார்டு. வச்சுக்கிடுங்க. சிவசைலம். பள்ளிக்கூடப் புத்தகம் போடுற கம்பெனியில சீனியர் ரெப்பு. உங்களுக்குப் புத்தகம் வேண்டாம், சரி. உங்க மச்சான், மருமகன் யாராவது வாத்தியாரா இருப்பாங்கல்லா? அவங்ககிட்ட குடுங்க. ஒரு கார்டு எங்கன போயி நிக்கும்னு யாருக்குத் தெரியும்? இதத்தான் இருபது வருஷத்துக்கு மேல நான் செய்யுதேன். இதத்தான் எனக்குச் செய்யத் தெரியலன்னு மதுரையில ஒரு பொண்ணு, ஏசி ஹால்ல, எல்லாரு முன்னாலயும் சொல்லிருச்சு.

என்னடா இந்த ஆளு மூஞ்சி இப்படிச் செவந்து கிடக்குன்னு பாக்குதீயளா? கோவந்தான். நாசரேத்துல பஸ் ஏறும்போது இருந்த கோவம் ஆழ்வார்திருநகரி வரதுக்குள்ள இறங்கிரும்னு நெனச்சேன். ஸ்ரீவைகுண்டமும் வந்து, நீங்களும் ஏறி உக்காந்துட்டீய, இன்னும் இறங்கல. அந்த ஷட்டரைக் கொஞ்சம் ஏத்துங்க. காத்தாவது வரட்டும்.

என் தொழில் என்னன்னு முதல்ல சொல்லணும், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். எல்லா பிரைவேட் ஸ்கூலுக்கும் வருஷா வருஷம் புத்தகம் மாறும். எந்தக் கம்பெனி புத்தகம்னு முடிவு பண்ணுறது பிரின்சிபாலு, இல்ல பள்ளிக்கூடத்த நடத்துற கரஸ்பாண்டெண்ட். பொங்கல் முடிஞ்சதுல இருந்து பங்குனி வரைக்கும் நாங்க நாய் மாதிரி அலைவோம். புத்தகத்துல என்ன இருக்குன்னு எவனும் பாக்க மாட்டான் அண்ணாச்சி. எல்லாப் புத்தகத்துலயும் ஒரே திருக்குறள்தான், ஒரே தவளைதான். ஆளப் பாத்துத்தான் ஆர்டர். பழக்கம். அந்தப் பழக்கத்துல என்னைய அடிக்க நெல்லை, தென்காசி ரெண்டு மாவட்டத்துலயும் ஆள் கிடையாது. எந்த ஸ்கூல் கேட்டுலயும் வாட்ச்மேன் என்னைய நிறுத்த மாட்டான். தீபாவளிக்கு அல்வா, வருஷப் பிறப்புக்கு டைரி, யார் வீட்டுக் கல்யாணம்னாலும் மேடை ஏறி போட்டோவுல நின்னுருவேன். தினமும் காலையில பல் விளக்குறதுக்கு முந்தி ஒரு காலை வணக்கம் படம் எல்லாருக்கும் அனுப்பிருவேன். ரோசாப்பூ, சூரியன், ஒரு நல்ல வார்த்தை. எத்தனை பேருக்குன்னு கேக்காதீங்க. போனே சூடாயிரும்.

பேரு ஞாபகம் வச்சுக்கிடுறது கஷ்டம்பாங்க. எனக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. எல்லாரும் அண்ணாச்சிதான். பொம்பளைன்னா மேடம். தீந்து போச்சு.

இப்படி இருக்குற ஆளப் போயி, தொழில் தொடர்புல நீங்க எப்படின்னு நீங்களே மதிப்பிடுங்கன்னா?

அந்தப் பொண்ணு பேரு ஹரிணி. புது ரீஜனல் மேனேஜர். மெட்ராஸ்காரி. என் மகளைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். போன நவம்பர்ல எங்க தென் மாவட்ட ஆளுங்க எல்லாரையும் மதுரைக்கு வரச்சொல்லி, ஒரு ஹோட்டல்ல வட்டமா நாற்காலி போட்டு உக்கார வச்சிட்டு. மேசையும் இல்ல, ஒண்ணும் இல்ல, சாவு விழுந்த துட்டி வீட்டுல உக்காந்த மாதிரி. கையில ஆளுக்கு ஒரு காகிதம். 'புதுசா ஒருத்தரப் பாத்தா நீங்க முதல்ல பேசுவீங்களா, கேப்பீங்களா?' 'நீங்க ஒருத்தருக்குப் போன் பண்ணுறது தேவை இருக்கும்போதா, இல்லாதபோதா?' தேவை இல்லாம எவன் அண்ணாச்சி போன் பண்ணுவான்? அவன் தொந்தரவுல்லா? எல்லாத்துக்கும் பதில் போட்டுட்டு, கடைசியில உங்களுக்கு நீங்களே பத்துக்கு மார்க் போடுங்கன்னு இருந்துச்சு. நான் பத்துக்குப் பத்து போட்டேன். பொய்யா சொல்லச் சொல்லுதீய?

எனக்குப் பக்கத்துல பொன்சிங். அவன்தான் இந்தக் கதைக்கே காரணம். தூத்துக்குடி, கன்னியாகுமரி ரெண்டும் அவன் ஏரியா. வீடு நாசரேத்து. பதினாலு பதினஞ்சு வருஷமா ஒண்ணா வேலை பாக்குதோம். வாயில்லாத பூச்சி. ஒரு ஸ்கூலுக்குப் போனா ஒரு மணி நேரம் உக்காந்து அவங்க பேசுறதக் கேட்டுக்கிட்டே இருப்பான். அதுக்குள்ள நான் நாலு ஸ்கூல் முடிச்சிருவேன். அவன் தனக்கு நாலு மார்க் போட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. 'சரியாத்தான் போட்டிருக்கீரு வே'ன்னேன். அவனும் சிரிச்சான்.

அதுக்கப்புறந்தான் அந்தப் பொண்ணு கூத்து கட்டுச்சு. ரெண்டு ரெண்டு பேரா எந்திரிங்க, ஒருத்தரப் பத்தி ஒருத்தர் உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்கன்னுது. நானும் பொன்சிங்கும் எந்திரிச்சோம். அவன் முதல்ல பேசுனான்.

'சிவசைலத்துக்குக் கத்திரிக்கா ஒத்துக்கிடாது. உடம்பு தடிச்சிரும். அவருக்கு நாய்னா பயம். கேட்டுல நாய் நின்னா பேக்கைக் காலுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டுத்தான் போவாரு. பாதிப் பேச்சுல கோவிச்சுக்கிட்டாலும் மறுநாள் மனசுல வச்சுக்கிட மாட்டாரு. மக சேலத்துல பிசியோதெரபி படிக்கா. ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கிடல, ரொம்ப மெலிஞ்சு போயிட்டா. அப்பா ஒரு தடவ வந்து பாத்தா நல்லா இருக்கும்னு பிள்ள நெனைக்கு.'

என் மக மெலிஞ்சு போன விஷயம் எனக்கே தெரியாது அண்ணாச்சி! எனக்கே தெரியாதது இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? வேவு பாத்திருக்கான்! கூட இருந்தே, வாயில்லாத பூச்சி மாதிரி இருந்தே, என் வீட்ட வேவு பாத்திருக்கான். நான் அப்படித்தான் நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க.

சரி, என் முறை. எனக்கா பேசத் தெரியாது? நான் எடுத்துவிட்டேன். 'பொன்சிங் அண்ணாச்சி தங்கமான மனுஷன். அதவிடத் தங்கம் அவரு சம்சாரம் ஜெபக்கனி. அவங்க வைக்க மீன் குழம்பு மாதிரி இந்தத் தூத்துக்குடி ஜில்லாவுலயே கிடையாது. மீட்டிங்னா கேரியர்ல எங்க எல்லாருக்கும் சேத்துல்லா குடுத்துவிடுவாங்க! குடுத்து வச்ச ஆளு. இன்னைக்கு எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேந்தாலும் மகராசி வாசல்ல நிப்பா. சுடு சோறு காத்துக்கிட்டு இருக்கும்.'

பேசி முடிச்சு நிமிந்து பாக்குதேன். கை தட்டல. அந்த மேனேஜர் பொண்ணு குனிஞ்சு செருப்பப் பாத்துக்கிட்டு நிக்கி. பொன்சிங்தான் மெதுவா, 'ஆமா. நல்லா வைப்பா'ன்னான். உக்காந்துட்டான்.

அப்புறம் மத்தவங்க எல்லாரும் சேந்து எனக்கு மார்க் போடணும்னாங்க. பத்துக்கு மூணு. மூணு அண்ணாச்சி! பொன்சிங்குக்கு ஒன்பது. கூடிப் பேசி வச்சுக்கிட்டு செஞ்சாப்லதான் இருந்துச்சு.

டீ குடிக்க விட்டப்போ சிக்கந்தர் வந்து என் கையப் பிடிச்சு ஒரு ஓரமா இழுத்துட்டுப் போனான். மதுரை ரெப்பு, நல்ல பையன். 'என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க'ன்னான். 'என்னடே பண்ணேன்'னேன். 'அக்கா ஜூன்லயே இறந்துட்டாங்களேண்ணே. ஜெபக்கனி அக்கா. உங்களுக்குத் தெரியாதா?'

கையில டீ இருக்கு. கீழ வைக்க இடமில்ல. 'எவன்டே என்கிட்ட சொன்னான்'னு சத்தம் போட்டேன். 'குரூப்ல போட்டிருந்துச்சேண்ணே. எல்லாரும் அனுதாபம் போட்டோம். நீங்களும் அதுக்குக் கீழ ஒண்ணு போட்டீங்களே, ரோசாப்பூ. சிரித்து வாழ்வோம், இனிய காலை வணக்கம்னு'ங்கான்.

நீங்களே சொல்லுங்க. காலையில எந்திரிச்சு அத்தனை குரூப்புக்கு அனுப்புதேன். ஒவ்வொரு குரூப்பா உள்ள போயி, மேல என்ன போட்டிருக்கான், எவன் செத்தான், எவன் பிழைச்சான்னு படிச்சுக்கிட்டா இருக்க முடியும்? ஒரு சாவுன்னா போன் பண்ணிச் சொல்லணும். அதான மொறை? குரூப்ல போட்டா அது சொன்னதாயிருமா?

ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவுல ரெண்டு மூணு தடவ நான் பொன்சிங்கப் பாத்திருக்கேன் அண்ணாச்சி, ஆகஸ்ட்லயும் பாத்தேன். கையில கேரியர் இல்ல. 'என்ன வே, வீட்டுல சண்டையா, சோறு வரல?'ன்னு கேட்டேன். அப்பவாவது வாயத் திறந்து சொல்லலாமுல்ல? சிரிச்சான். சிரிச்சா நான் என்னன்னு நெனைப்பேன்?

சரி, அது போகட்டும், அன்னைக்கே அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிரலாம்னு சாப்பாட்டு வரிசையில போயி நின்னேன். துட்டி கேக்கத்தான். கேக்கணுமுல்லா? கிட்டப் போனா, தட்ட எடுத்து என் கையில குடுத்துட்டு அவன் சொல்லுதான்: 'இந்தச் சாம்பாருல கத்திரிக்கா கிடக்கு. அந்த மூலையில இருக்கது வெறும் பருப்பு. அத ஊத்திக்கிடும்.' எப்படி இருக்கும்? எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காங்க. நான் மறுபடியும் மட்டம், அவன் மறுபடியும் ஒசத்தி. தட்ட வச்சிட்டு வெளிய போயி பரோட்டா தின்னுட்டு பஸ் ஏறிட்டேன்.

கண்டக்டர் சில்லறை குடுத்தாரா உங்களுக்கு? வாங்கிக்கிடுங்க. செய்துங்கநல்லூர் தாண்டுனா மறந்துருவாரு.

அத்தோட முடிஞ்சிருந்தா நான் பெருந்தன்மையா விட்டிருப்பேன். பொங்கல் கழிஞ்ச மறுவாரம் ஹரிணி மேடம் போன் போட்டு, 'சார், வர ஏப்ரல்ல இருந்து நாலு மாவட்டத்தையும் ஒண்ணாக்குதோம். ஒரு ஆளுதான். இன்னொருத்தருக்கு மெட்ராஸ்ல குடோன் பொறுப்பு'ன்னுது. குடோன்! இந்த வயசுல எனக்குக் கட்டு எண்ணுற வேலையா? நானா பொன்சிங்கா, அதான கேள்வி? அந்த மூணு மார்க்க மனசுல வச்சுக்கிட்டுத்தான் இந்தப் பொண்ணு பேசுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இரு, காட்டுதேன்னு முடிவு பண்ணேன்.

கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கு. மூணு கிளை. கரஸ்பாண்டெண்ட் பேரு கோமதிநாயகம். அந்த ஆர்டர் கிடைச்சா அந்த வருஷத்துக்கு வேற எங்கயும் போகவே வேண்டாம். என் ஏரியா. அவரு மக கல்யாணத்துக்கு நான் மாலையோட போயி மேடையில நின்னவன். நம்ம ஆளு. வெள்ளைச் சட்டை போட்டு, அல்வா வாங்கிக்கிட்டு காலையிலேயே போயிட்டேன். உக்கார வச்சாங்க. உக்காந்தேன். பிள்ளைங்க இன்டெர்வெல் விட்டு உள்ள போச்சு, மத்தியானச் சோறு தின்னுட்டு உள்ள போச்சு. நான் உக்காந்தே இருக்கேன். கடைசியில அவரே வெளிய வாராரு. 'அண்ணாச்சி!'ன்னு எந்திரிச்சேன். நின்னு பாக்காரு.

'நீங்க யாரு?'

எனக்கு எப்படி இருக்கும்? போன எடுத்து கல்யாணப் போட்டோவக் காட்டுனேன். அவரு கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்தாரு. 'இதுல நீங்க எங்க?'ங்காரு. 'மாப்பிள்ளைக்குப் பின்னால அண்ணாச்சி, அன்னா, பாதித் தலை தெரியுதுல்லா'ன்னேன். கம்பெனி பேரச் சொன்னேன். உடனே முகம் மலந்துட்டு. 'அட, பொன்சிங் சார் கம்பெனியா? முதல்லயே சொல்லலாமுல்ல! உக்காருங்க. காபி குடிங்க. ஆனா ஆர்டர் போன வாரமே அவருகிட்ட குடுத்தாச்சே!'

பொன்சிங் சார்! என் ஏரியாவுல!

எப்படின்னு கேட்டேன். அவரே சொன்னாரு. அந்தப் பள்ளிக்கூடத்துல முன்னால ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க மங்கையர்க்கரசி டீச்சர். கரஸ்பாண்டெண்டுக்கே சின்ன வயசுல பாடம் எடுத்தவங்க. ரிட்டையர் ஆகி ஸ்கூலுக்குப் பின்னால தனியா இருக்காங்க. கல்யாணத்துக்கு முந்தி ஜெபக்கனி அவங்ககிட்ட டீச்சரா இருந்திருக்கா. அந்தப் பழக்கத்துல பொன்சிங் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ போயி அந்த அம்மாவப் பாத்துட்டு வருவானாம். கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் அவன்தானாம். 'டீச்சர் சொன்னாங்க, இவரு புத்தகம் நல்லா இருக்கும்னு. அவங்க சொல்லுக்கு நான் மறுபேச்சு பேசுறதில்ல'ங்காரு.

அந்த டீச்சர எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அவங்க சீட்டுல இருந்த வரைக்கும் தீபாவளி தவறாம அல்வா குடுத்தவன் நான். ரிட்டையர் ஆன வருஷம் நிறுத்திட்டேன். பதவியில இல்லாதவங்களுக்கு என்னத்துக்கு? தொழில்னா தொழில். அவங்களப் போயி பாத்துக்கிட்டு, கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போயிக்கிட்டு... அவன் என்ன திட்டம் போட்டிருக்கான் பாருங்க! எத்தனை வருஷத் திட்டம்!

வாசல்ல நின்னே மேனேஜருக்குப் போன் போட்டுக் கத்துனேன். என் ஏரியாவுல பூந்து திருடுதான், இதக் கேக்க ஆளில்லையான்னு. அந்தப் பொண்ணு பொறுமையாக் கேட்டுச்சு. 'சார், கத்தாதீங்க. அந்த ஆர்டர் உங்க பேர்லதான் வந்திருக்கு. சிவசைலம் ஏரியா, அவரு கணக்குலயே போடுங்கன்னு சொல்லித்தான் பொன்சிங் சார் அனுப்பினாரு. உங்ககிட்ட சொல்லலையா?'

நான் போன வச்சிட்டேன். அந்த அல்வா கையிலேயே இருக்கு. சூட்டுல நெய் இறங்கி பை எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. எனக்குப் பிச்சை போடுதானா அவன்? நான் கேட்டனா? ஒரு மனுஷனக் கேவலப்படுத்துறதுக்கு இதவிட வேற வழி உண்டா?

அதான் இன்னைக்கு நாசரேத்துக்குப் போனேன். மூஞ்சிக்கு நேரா கேட்டிரணும்னு. இத்தனை வருஷத்துல அவன் வீட்டுக்கு நான் போனதில்ல. விசாரிச்சுத்தான் போனேன். சனிக்கிழமை, வீட்டுல இருந்தான். கொடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தான். எல்லாம் அவன் சட்டைதான். என்னையப் பாத்ததும் கையத் துடைச்சுக்கிட்டு, 'வாரும், உள்ள வந்து உக்காரும்'னான்.

உள்ள ஜெபக்கனி போட்டோ. பொறந்த தேதி, இறந்த தேதி போட்டு, கீழ ஒரு பைபிள் வசனம். நான் ஒரு நிமிஷம் நின்னேன் அண்ணாச்சி. நிக்கலன்னு சொல்லல. ஆனா நான் வந்த காரியம் வேறல்லா?

'உக்கார வரல வே. என்னையப் பிச்சைக்காரன்னு நெனச்சீரா? உம்ம ஆர்டர என் பேர்ல போட யாரு சொன்னா?'

'உமக்காகப் போடல. அது உம்ம ஏரியா. என் ஏரியாவா இருந்தா என் பேர்லதான் போட்டிருப்பேன்.'

'எனக்கு ஒரு போன் போட்டுச் சொன்னா என்ன?'

'உமக்குப் போன் போடுறத நான் விட்டு ரொம்ப நாளாச்சு வே.'

அந்த ஆளு குரல் அப்பவே மாறிட்டு. நான் கவனிக்கல. 'அப்போ மதுரையில என் வீட்டு விஷயத்த எல்லாம் சந்தி சிரிக்கச் சொன்னீரே, அது எப்படித் தெரியும்? யார விட்டு வேவு பாத்தீரு?'ன்னு கேட்டேன்.

கையில இருந்த துண்டக் கீழ போட்டான். பதினஞ்சு வருஷத்துல அவன் குரல ஏத்திப் பேசி நான் கேட்டதில்ல.

'வேவா? உம்ம வீட்டம்மா சொன்னது வே! குற்றாலத்துல கம்பெனி ஃபேமிலி மீட்டிங் வச்சப்போ என் ஜெபக்கனியும் உம்ம காந்திமதியும் பழகிக்கிட்டாங்க. அன்னையில இருந்து தினமும் பேசுவாங்க. உமக்குக் கத்திரிக்கா ஆகாதுங்கது என் வீட்டு அடுப்பங்கரையில தெரியும். உம்ம மக மெலிஞ்சது என் வீட்டுல தெரியும். ஜூன்ல இவளுக்கு மூச்சு முட்டி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தேன். அந்த ஊர்ல எனக்கு உம்ம விட்டா யாரத் தெரியும்? உம்ம வீடு நாலு தெரு தள்ளி. முதல்ல உமக்குத்தான் அடிச்சேன். என்ன சொன்னீரு?'

எனக்கு ஞாபகமில்ல. உண்மையிலேயே ஞாபகமில்ல.

'அண்ணாச்சி, ஒரு கரஸ்பாண்டெண்ட் கூட இருக்கேன், அப்புறமா கூப்பிடுதேன்னீரு. என்னைய அண்ணாச்சின்னீரு வே! யாரு பேசுறதுன்னுகூடப் பாக்கல. கூப்பிடவும் இல்ல. அப்புறம் காந்திமதிக்கு அடிச்சேன். கட்டுன சேலையோட ஓடி வந்தா. இவ தலைமாட்டுல இருந்தது அவதான். இங்கன வரைக்கும் கூடவே வண்டியில வந்து, குளிப்பாட்டி, சேலை கட்டிவிட்டதும் அவதான். நீரு ஒரு வார்த்த கேட்டீரா? இன்னைக்குத்தான் மொத மொதல்ல என் வீட்டு நடையில கால வைக்கீரு. அதுவும் எதுக்கு? ஆர்டருக்கு!'

அழுதுட்டான் அண்ணாச்சி. நின்னுக்கிட்டே. நான் என்ன செய்ய? தண்ணி குடும்னு சொல்ல அது என் வீடா?

மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு அவனே சொன்னான். 'நாலு மாவட்டமும் உமக்குத்தான். குடோன் வேலைக்கு நான் கேட்டுக்கிட்டேன். ஊர் ஊரா அலைஞ்சுட்டு வந்து பூட்டுன கதவத் திறக்க முடியல. மெட்ராஸ்ல மகன் வீட்டோட இருந்துக்கிடுவேன்.'

ஆக, நான் ஜெயிச்சிட்டேன்! நாலு மாவட்டம்! எனக்குச் சந்தோஷமா இருக்கணும்லா? இருக்கா? அவன் ஜெயிக்க விட்டு ஜெயிச்சது ஒரு ஜெயிப்பா? அதுக்குத்தான் கோவம் வருது. இத்தனையும் எனக்குப் பின்னால நடந்திருக்கு. ஊரு பூரா தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் எவனும் சொல்லல.

வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, மனசு கொதிக்கில்லா, யார்கிட்டயாவது சொல்லணும்னு நாலஞ்சு பேருக்கு அடிச்சேன். எல்லாம் நல்லாப் பழக்கமான பிரின்சிபாலுங்க. ஒருத்தரு எடுக்கல. ஒருத்தரு, 'புத்தகம் முடிவு பண்ணியாச்சே சார்'னாரு. நான் புத்தகத்தப் பத்தியா பேசப் போறேன்? நான் பேசுறதுக்குள்ள வச்சிட்டாரு. சரி, அவங்களுக்கும் வேலை இருக்கும்.

எல்லாத்தையும்விட என் வீட்டுக்காரியத்தான் கேக்கணும். எட்டு மாசம்! அத்தனையும் மனசுல வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா, சட்டை தேச்சுக் குடுத்திருக்கா, ஒரு வார்த்தை சொல்லல. பஸ்ஸுல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். ஜூன் மாசம் நான் சப்ளைக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்த நேரம். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அவ அப்பத்தான் தலைக்கு ஊத்திட்டு ஈரத்தலையோட நிக்கா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. 'எங்கன போன?'ன்னேன். 'துட்டி வீட்டுக்கு'ன்னா. 'சரி, காபி போடு'ன்னேன். போட்டா. அவ்வளவுதான். யாரு வீட்டுத் துட்டின்னு அவ சொல்லலாமுல்ல? நான் கேக்கலன்னா சொல்லக்கூடாதா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள கேட்டுத்தான் சொல்லணுமா?

விடக்கூடாதுன்னு இந்த பஸ்ஸுல வச்சே அவளுக்குப் போன் போட்டேன், நீங்க ஏறுறதுக்குக் கொஞ்சம் முந்தி. 'நாசரேத்துல பொன்சிங் வீட்டுல இருந்து வாரேன். எல்லாம் கேட்டுட்டேன்'னேன். நல்லா சத்தமாத்தான் சொன்னேன். பயந்துட்டா, இப்ப அழுவா, இல்ல மன்னிப்புக் கேப்பான்னு நெனச்சேன். என்ன கேட்டா தெரியுமா?

'அண்ணன் சாப்பிட்டாரா?'

அவ்வளவுதான் கேட்டா. காலையில அஞ்சு மணிக்கு வெறும் வயித்தோட கிளம்பினவன் நான். என்னையக் கேக்கல அண்ணாச்சி. பொன்சிங்கக் கேக்கா. நான் என்ன சொல்ல முடியும்? எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.